தோல் வணிகமும் மின்னஞ்சல் காப்பும்: ஒரு பயிற்சியின் வரலாறு

வணிக நிறுவனங்களின் மின்னஞ்சல், பயனர் கணக்கு, கணினி வலையமைப்பு ஆகியவற்றைக் காப்பதற்காகத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தரப்படும் பயிற்சிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்குகிறது. ஆனால் அதன் தேவை எவ்வளவு உண்மையானது என்பதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியிலிருந்து பார்த்தால் நன்றாக விளங்கும்.

இப்பகுதியின் நடுவில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பேரூர் பள்ளிகொண்டா. உத்திர ரங்கநாதர் கோயிலாலும் சுங்கச்சாவடியாலும் வெளியூர்க்காரர்கள் இதை அறிவார்கள். காலை நேரத்தில் இவ்வூர்ச் சாலையில் நின்றால், சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் வண்டிகளைப் பார்க்கலாம். அந்தப் பெண்கள் தைக்கும் காலணியின் மேற்பகுதி ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ அமெரிக்காவுக்கோ போகிறது. அதற்கான விலைப்பேச்சு, மாதிரிக்கு ஒப்புதல், புரோபார்மா இன்வாய்ஸ், கப்பல் ஆவணங்களின் நகல், பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண் ஆகிய எல்லாமே மின்னஞ்சலில் நடக்கின்றன. வெளிநாட்டில் பொருளை வாங்குபவரும் இங்கே விற்பவரும் பல ஆண்டு வணிகம் செய்தும் ஒரே ஒரு முறை, ஏதாவதொரு தோல் கண்காட்சியில் சந்தித்திருக்கலாம். அந்த அஞ்சலில் ஒரு கணக்கு எண் மாறினால் ஒரு கப்பல் சரக்கின் பணம் மாறிப் போகும்.

டெலக்ஸ் காலம்

தென்னிந்தியத் தோல் கடல் கடந்து விற்பது புதிதல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட இப்பகுதித் தோல்கள் சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போன காலம் உண்டு. செய்தி கடிதத்திலும் தந்தியிலும் சென்றது. பின்னர் டெலக்ஸ் வந்தது.

டெலக்ஸைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். டெலக்ஸ் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனியான ஒரு பதில் குறி உண்டு. அனுப்புபவர் 'நீ யார்' என்று கேட்கும் விசையை அழுத்தினால், எதிர்முனை இயந்திரம் ஆளின் உதவியின்றித் தன் குறியைத் தானே அச்சிட்டு அனுப்பும். செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தக் குறி தாளில் பதிந்திருக்கும். செய்தி சேர வேண்டிய இயந்திரத்தில்தான் சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வங்கிகள் இதையும் போதாது என்று கருதின. தொகை, நாள், நாணயம் ஆகியவற்றை இரு வங்கிகளுக்கு மட்டுமே தெரிந்த அட்டவணையில் வைத்துக் கூட்டிக் கிடைக்கும் 'டெஸ்ட் கீ' எனும் எண் இல்லாமல் வந்த பண உத்தரவை எந்த எழுத்தரும் ஏற்க மாட்டார். கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்று.

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் தொடக்க நகரங்களுள் ஒன்று. சில ஆண்டுகளில் ஏற்றுமதி அலுவலகங்களில் டெலக்ஸ் ஓய்ந்து, பேக்ஸ் குறைந்து, மின்னஞ்சல் வந்தது. செலவு பெருமளவு குறைந்தது. ஆனால் பதில் குறியும் டெஸ்ட் கீயும் பழைய இயந்திரத்தோடு போய்விட்டன. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. தபால் உறையின் பின்புறம் யாரும் யார் பெயரையும் எழுதலாம் என்பதைப் போலத்தான் அதன் அமைப்பு. ஒருவரையொருவர் அறிந்த சில ஆயிரம் ஆய்வாளர்களுக்காகச் செய்யப்பட்டது அது. அதன் மேல்தான் உலக வணிகம் ஏறி உட்கார்ந்தது.

தந்தையும் மகனும்

பாதுகாப்பைத் தனித் தொழிலாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட 'புழு' நிரல், அன்று இணைந்திருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அந்தப் புழு நுழைந்த வழிகளில் ஒன்று மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளில் இருந்த ஓட்டை. இன்னொன்று எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. அந்த மாணவரின் தந்தை ராபர்ட் மோரிஸும் கணினிப் பாதுகாப்பு அறிஞர். 1979இல் அவர் கென் தாம்சனுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுரையில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் உடையக்கூடியவை என்று கண்டிருந்தார். தந்தை எச்சரித்த கதவுகளில் ஒன்றின் வழியாகவே மகனுடைய புழு ஒன்பது ஆண்டு கழித்து உள்ளே நுழைந்தது.

புழு பரவிய சில நாட்களிலேயே பிட்ஸ்பர்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலை உதவிக் குழு அமைந்தது. சர்ட் என்ற பெயரின் தொடக்கம் அதுவே. 1989இல் சான்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் தோன்றியது. 1994 முதல் சி.ஐ.எஸ்.எஸ்.பி. எனும் சான்றிதழ் தேர்வு நடக்கிறது. இவை பெருநிறுவனங்களின் பொறியாளருக்கானவை. தீயரண் அமைப்பது, பதிவேடுகளைப் படிப்பது, ஓட்டை கண்டுபிடிப்பது என்று பாடமெல்லாம் இயந்திரத்தைச் சுற்றியே இருந்தது. தேர்வு ஆங்கிலத்தில், இன்றைய கட்டணம் நம் பணத்தில் பல பத்தாயிரம் ரூபாய்.

இந்திய முயற்சிகள்

2000 மே மாதத் தொடக்கத்தில் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல் புழு உலகெங்கும் அலுவலகக் கணினிகளைக் கெடுத்தது. அதை எழுதியவரைத் தண்டிக்கப் பிலிப்பீன்சில் அப்போது சட்டமே இல்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் கீழ் குறிப்பிடத்தக்க முதல் தண்டனைத் தீர்ப்புகளுள் ஒன்று 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது; ஒரு பெண்ணை இணையவழி இழிவுபடுத்திய வழக்கு அது.

சென்னையில் 2002இல் மின்னணுப் பரிமாற்றப் பாதுகாப்புக்கான செட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004 ஜனவரியில் நாட்டுக்கான அவசரநிலைக் குழுவாகச் சர்ட்-இன் செயல்படத் தொடங்கியது. 2005இல் மத்திய அரசு தகவல் பாதுகாப்புக் கல்வி மற்றும் விழிப்புணர்வுத் திட்டத்தை, ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஐ.எஸ்.இ.ஏ. எனப்படுவதை, தொடங்கியது. அதே ஆண்டு கோயம்புத்தூர் அமிர்தா பல்கலைக்கழகத்தில் இணையப் பாதுகாப்புக்கென ஒரு சிறப்பு மையம் அமைந்தது. ஐ.எஸ்.இ.ஏ.யின் இரண்டாம் கட்டம் 2014இல் ஒப்புதல் பெற்றது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கும், தனியாக 13,000 அரசு அலுவலருக்கும் பயிற்சி என்பது அதன் இலக்கு. இதற்கிடையில் 2013 ஜூலையில் வெளியான தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை ஐந்தாண்டில் 5 லட்சம் வல்லுநர்களை உருவாக்கப் போவதாக அறிவித்தது. 2018 ஜனவரியில் 'சைபர் சுரக்ஷித் பாரத்' திட்டத்தின் கீழ் அரசுத் துறைகளின் தகவல் பாதுகாப்பு அலுவலர்களுக்கு வகுப்புகள் தொடங்கின.

இப்பட்டியலைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. பொறியியல் மாணவருக்கு இடம் உண்டு, அரசு அலுவலருக்கு இடம் உண்டு, வங்கிக்கும் பெருநிறுவனத்துக்கும் உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கணினி, பிரிண்டர், சிசிடிவி, டேலி, இணைய இணைப்பு எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் 'கம்ப்யூட்டர் தம்பி'க்கு இந்தப் பட்டியலில் எந்த வரியில் இடம் என்று தேட வேண்டியிருக்கிறது.

மூன்று நிகழ்வுகள்

பயிற்சியின் போக்கை மாற்றியவை பாடத்திட்டக் குழுக்கள் அல்ல. பணம் போன நிகழ்வுகள். அவற்றில் நமக்கு அண்மையான மூன்றைப் பார்க்கலாம்.

முதலாவது தனிமனிதர் ஒருவருடையது. தூத்துக்குடியைச் சேர்ந்த, வெளிநாட்டில் பணிபுரிந்த ஒருவர், வங்கியிலிருந்து வந்ததைப் போன்ற மின்னஞ்சலை நம்பித் தன் விவரங்களைக் கொடுத்தார். 2007இல் அவர் கணக்கிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை போய்விட்டது. தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத் தீர்ப்பு அலுவலர் 2010 ஏப்ரலில், ஐசிஐசிஐ வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏமாந்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதோடு கதை முடியாது, நிறுவனமும் தக்க முன்னெச்சரிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டும் என்ற கருத்து இங்கே சட்டத்தில் காலூன்றியது. மேல்முறையீட்டிலும் 2019இல் அது நிலைத்தது.

இரண்டாவது 2015இல் நடந்தது. தோல் ஏற்றுமதியாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது இதுவே. பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி. சவூதி அராம்கோவுக்கு நாப்தா விற்றது. பணம் வரவில்லை. விசாரித்தால், அனுப்பிவிட்டோமே என்றார்கள். நடுவில் யாரோ ஓ.என்.ஜி.சி. என்பதில் ஒரு எழுத்தை இடம் மாற்றி ஓ.ஜி.என்.சி. என்ற பெயரில் முகவரி உருவாக்கி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். 197 கோடி ரூபாய் தொடர்பான புகார் அது. எந்தத் தீயரணும் உடைக்கப்படவில்லை. ஒரு எழுத்து இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சிற்றெழுத்துகளையும் சேர்த்து எழுதினால் எம் போலத் தெரியும் என்பதும் இதே வகை வித்தை.

மூன்றாவது கும்பகோணம். 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் சுவிஃப்ட் அமைப்புக்குள் நுழைந்தவர்கள் 2018 பிப்ரவரியில் மூன்று பொய்ப் பணமாற்றங்களை, மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு, துபாய், துருக்கி, சீனக் கணக்குகளுக்கு அனுப்பினார்கள். சுவிஃப்டுடன் இணைந்த அச்சுப்பொறி முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை கணக்கு ஒத்துப்பார்த்த ஊழியர்களே இதைக் கண்டுபிடித்தார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது. 2016இல் வங்கதேச மத்திய வங்கி 8.1 கோடி டாலர் இழந்ததும் இதே போன்ற வழியில்தான். அங்கும் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. நாள்தோறும் கணக்கை ஒத்துப்பார்க்கும் பழைய வழக்கம் கும்பகோணத்தில் எவ்வளவு பணத்தைக் காப்பாற்றியது என்பதைப் பாதுகாப்பு வகுப்புகளில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

ஏற்றுமதியில் இது எப்படி நடக்கிறது

இவ்வகை மோசடி வணிக மின்னஞ்சல் ஊடுருவல் எனப்படுகிறது. அமெரிக்க உளவுக் காவல் துறையான எஃப்.பி.ஐ. வெளியிட்ட கணக்கின்படி, 2013 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரை உலகளவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் 5,500 கோடி டாலருக்கு மேல் இதில் சிக்கியுள்ளது.

நடக்கும் முறை இது. அலுவலகத்தில் ஒருவருக்கு 'உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது' என்று ஒரு கடிதம் வரும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் உண்மையான நுழைவுப் பக்கம் போன்ற ஒரு பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அடித்தவுடன் அது திருடன் கைக்குப் போகும். அவன் உடனே எதையும் செய்வதில்லை. பெட்டிக்குள் ஒரு விதியை மட்டும் அமைப்பான்: இன்வாய்ஸ், பேமெண்ட் என்ற சொற்கள் உள்ள கடிதமெல்லாம் தனக்கும் ஒரு நகல் வரட்டும். பிறகு வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பான். யார் யாருக்கு எப்படி எழுதுகிறார்கள், எந்தச் சரக்கு எந்தக் கப்பலில், எப்போது பணம் வர வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பணம் வரும் வாரத்தில், 'எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது. இம்முறை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று அசல் இன்வாய்ஸைத் திருத்தி வாங்குபவருக்கு அனுப்புவான். மொழியும் கையெழுத்தும் லோகோவும் அப்படியே இருக்கும்.

இதில் ஏற்றுமதியாளர் இழப்பது பணத்தை மட்டுமல்ல. சரக்கு போய்விட்டது. வாங்கியவரோ தான் பணம் கட்டிவிட்டதாகச் சொல்கிறார். அவர் பக்கமும் உண்மைதான். ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் இந்தியா வந்து சேர வேண்டும் என்பது 2025 வரை நெடுங்காலமாக ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. வராத பில்கள் ஏற்றுமதிக் கண்காணிப்புப் பதிவில் நிலுவையாக நிற்கும். வங்கிக் கடனுக்கும் அரசு சலுகைகளுக்கும் அது முட்டுக்கட்டை. தோல் வாங்கியதற்கும் ரசாயனத்துக்கும் கூலிக்கும் பட்ட கடன் மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கும். சிறிய நிறுவனத்தில் இதன் பாரம் கடைசியில் எங்கே போய் இறங்கும் என்று, காலை வண்டியில் ஏறும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தூண்டிலைக் காட்டிக் கற்பித்தல்

ஆட்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்விக்கு முதலில் ஆய்வு முறையில் விடை தேடியவர்களில் பொன்னுரங்கம் குமரகுரு குறிப்பிடத்தக்கவர். கார்னெகி மெலனில் லாரி கிரேனர் முதலானோருடன் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, 2007 முதல் அவர் வெளியிட்ட ஆய்வுரைகள் 'பிஷ்குரு' என்ற முறையை முன்வைத்தன. விழிப்புணர்வுத் துண்டறிக்கை அனுப்பினால் எவரும் படிப்பதில்லை. ஆகவே நிறுவனமே ஒரு பொய்த் தூண்டில் கடிதம் அனுப்ப வேண்டும். அதில் ஒருவர் சிக்கிய அந்த நொடியிலேயே படக்கதை போன்ற சிறு பாடம் திரையில் வர வேண்டும். 2009இல் வெளியான, 515 பேரைக் கொண்ட ஆய்வில், பாடம் பெற்றவர்கள் 28 நாள் கழித்தும் அதை நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை பாடம் பெற்றவர்கள் இன்னும் குறைவாகச் சிக்கினார்கள். குமரகுரு பின்னர் இந்தியா திரும்பி டெல்லியிலும் ஐதராபாத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். இவ்வாய்வுகளின் வழியில் 2008இல் தோன்றிய வோம்பட் என்ற நிறுவனம் 2018இல் 22.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தவறு செய்த இடத்திலேயே திருத்தினால் பையனுக்கு நினைவில் நிற்கும்; பத்து நாள் கழித்து விடைத்தாளைக் கொடுத்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பான்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரு நிறுவனத்தின் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பதினைந்து மாதம் கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது: சிக்கியவுடன் பாடம் காட்டுவது ஊழியர்களைப் பலப்படுத்தவில்லை, சிலரை முன்னிலும் அலட்சியமாக்கியது போலவும் தெரிந்தது. 'நிறுவனம் பார்த்துக்கொள்கிறது' என்ற எண்ணம் வந்துவிட்டதோ என்று அவர்கள் ஐயுற்றார்கள். 2025இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ மருத்துவமனை ஊழியர் 19,500 பேரிடம் எட்டு மாதம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் சிக்குவதில் 1.7 விழுக்காடு மட்டுமே வேறுபாடு. சூரிச் ஆய்வில் பலன் தந்தது இன்னொன்று: ஐயம் வந்தவுடன் அழுத்த ஒரு பொத்தான். ஒருவர் அழுத்தினால் மற்றவர்களை எச்சரிக்க முடிந்தது. நாளாக ஆகவும் ஊழியர்கள் அதில் சலிப்படையவில்லை.

இரு தரப்பு முடிவுகளையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது, பயிற்சி வீண் என்பதல்ல. சிக்கியவரைக் கண்டுபிடித்துக் காட்டும் பயிற்சியைவிட, ஐயப்பட்டவர் தயங்காமல் கேட்கக்கூடிய அலுவலகமே பாதுகாப்பானது. 'இது கூடத் தெரியாதா' என்று ஒரு முறை திட்டு வாங்கிய கணக்கர் அடுத்த முறை கேட்க மாட்டார். பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார். வகுப்பறையில் கேள்வி கேட்கும் பழக்கம் எப்படிச் செத்துப்போகிறதோ அப்படித்தான் இதுவும்.

கடவுச்சொல் பாடம் மாறியது

கணக்குகளைக் காப்பது பற்றிய பாடமும் ஒரு முறை தலைகீழானது. பெரிய எழுத்து, எண், குறியீடு மூன்றும் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டலால் பரவியது அது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள் என்று பின்னர் தெரிந்தது. 2017இல் அந்நிறுவனமே வழிகாட்டலைத் திருத்தியது: நீளமான சொற்றொடர் வைக்கட்டும், கசிந்தது என்று தெரிந்தால் ஒழியக் கட்டாயமாக மாற்றச் சொல்லாதீர்கள். பணி ஓய்வு பெற்றிருந்த பர் தம் பழைய அறிவுரைக்காக வருந்துவதாக அவ்வாண்டு செய்தியாளரிடம் சொன்னார். பழைய விதியையே இன்னும் நடத்தும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பாடநூல் மாறி ஆண்டுகள் ஆனபின்னும் பழைய நோட்டிலிருந்தே எழுதிப்போடுவது எல்லாத் துறையிலும் உள்ளதுதான்.

இந்தியாவில் 2009 ஆகஸ்டு முதல் இணையவழி அட்டைப் பரிமாற்றத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயமானது. அதனால் ஓ.டி.பி. என்ற சொல் நம் கிராமங்கள் வரை போய்விட்டது. வங்கிக்கு ஓ.டி.பி. கேட்பதை இயல்பாக ஏற்கும் அதே முதலாளி, அலுவலக மின்னஞ்சலுக்கு இரண்டாம் சரிபார்ப்பு வைக்கலாமென்றால் 'தொந்தரவு' என்கிறார். அந்தப் பெட்டி வழியாகவே வங்கிக்குப் பணம் வருகிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதும் கணினிப் பணியாளரின் வேலையாகிவிட்டது. அதற்குப் பேசத் தெரிய வேண்டும். சான்றிதழ் பாடத்தில் அது இல்லை.

பதில் குறியின் மறுவரவு

மின்னஞ்சலில் அனுப்புநரைச் சரிபார்க்கும் வசதிகள் பின்னாளில்தான் ஒட்டுப்போடப்பட்டன. எந்தச் சேவையகங்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். 2006இலும், கடிதத்தில் மறைகுறிக் கையொப்பமிடும் டி.கே.ஐ.எம். 2007இலும், இவ்விரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் 2012இலும் வெளியாயின. 2024 பிப்ரவரி முதல் நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்குக் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. இவற்றை அமைக்கத் தனிக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இணையப் பெயர்ப் பதிவில் சில வரிகள் சேர்க்கத் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் அஞ்சல் சேவைக்கு மத்திய அரசின் சுமார் 12 லட்சம் அலுவலர் கணக்குகள் மாறியிருப்பதும் இத்துறையில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று.

இவை அனைத்தும் நம் பெயரையே பொய்யாகப் போட்டு எழுதுபவனைத் தடுக்கும். எழுத்தை இடம் மாற்றிப் புதிய பெயர் பதிவுசெய்தவனைத் தடுக்காது. நம் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுபவனையும் தடுக்காது. எனவே இன்றைய பயிற்சி வேறு பாடங்களைச் சேர்த்திருக்கிறது: பெட்டிக்குள் யாரும் அமைக்காத விதி இருக்கிறதா என்று மாதந்தோறும் பார்ப்பது, எந்த நாட்டிலிருந்து கணக்கில் நுழைந்திருக்கிறார்கள் என்ற பதிவைப் படிப்பது, கணக்கு எண் மாற்றம் பற்றிய எந்தக் கடிதம் வந்தாலும் அதிலுள்ள எண்ணை விட்டுவிட்டு முன்பே குறித்துவைத்த எண்ணில் தொலைபேசியில் கேட்பது. கடைசியாகச் சொன்னது கணினிப் பாடமே அல்ல. டெஸ்ட் கீ சரிபார்த்த எழுத்தரின் வேலையேதான்.

வலையமைப்பு பற்றியும் ஒரு சொல். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகப் பிரிவின் கணினி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது தொடப்படவில்லை என்றும் கூறியது. அலுவலக இணையத்தையும் உற்பத்தி இயந்திரங்களின் இணைப்பையும் பிரித்து வைப்பது ஏன் என்று விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

பணம் போன பின்

2022 ஏப்ரல் 28 அன்று சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை தவணை தரப்பட்டது. உள்நாட்டில் பணம் போனால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்ல வேண்டும். ஏற்றுமதியில் சிக்கல் வேறு: பணம் கிளம்பியது வாங்குபவரின் நாட்டு வங்கியிலிருந்து. அங்கே அவர்தான் உடனே புகார் செய்து, திரும்பப்பெறும் கோரிக்கையைச் சுவிஃப்ட் வழியாக அனுப்பச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. இதற்கென ஒரு வழி வைத்திருக்கிறது. 50,000 டாலருக்குக் குறையாத வெளிநாட்டுப் பணமாற்றம், 72 மணி நேரத்துக்குள் புகார் என்பவை அதன் நிபந்தனைகள். ஆம்பூரிலிருந்து அந்த மூன்று நாளுக்குள் வாங்குபவரை எழுப்ப வேண்டுமென்றால், பணம் வராததை முதல் நாளே கவனிக்க ஆள் வேண்டும்.

பொதுவில் ஓர் ஏற்பாடு

இப்பகுதிக்கு ஒரு முன்னனுபவம் உண்டு. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியில்லாத சிறு தோல் பதனிடும் ஆலைகள், தீர்ப்புக்குச் சற்று முன்னும் பின்னும், கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. வாணியம்பாடியில் வானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக், இராணிப்பேட்டையில் ராணிடெக் என்று அவை பெயர் பெற்றன. ஆற்றுக்குப் பட்டதெல்லாம் அதனால் ஆறிவிடவில்லை. ஆனாலும் ஒருவரால் தாங்க முடியாத செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே வந்தது.

பாதுகாப்புப் பயிற்சிக்கும் அப்படி ஒன்று செய்யலாம். நான்கு ஊர் ஆலைகளின் கணினிப் பணியாளர்களுக்குத் தமிழில், தோல் ஏற்றுமதி ஆவணங்களையே எடுத்துக்காட்டாக வைத்து, ஆண்டுக்குச் சில நாள் வகுப்பு. இரவிலும் அழைக்க ஓர் அவசர எண். கழிவுநீரைப் பொதுக் குழாயில் விடுவதைப் போல இது எளிதன்று. பக்கத்து ஆலை போட்டியாளர். விலைப்பட்டியலும் வாங்குபவர் பெயரும் அந்த அஞ்சல் பெட்டியில்தான் இருக்கின்றன. எனவே பயிற்சியும் அவசர உதவியும் பொதுவில் இருக்கலாம், பெட்டியின் சாவி அவரவர் கையில் இருக்க வேண்டும். கற்பிக்க ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி வி.ஐ.டி. பல்கலைக்கழகமாகிக் காட்பாடியில் நிற்கிறது. தகவல் பாதுகாப்பை அங்கே தனிப் பிரிவாகவே படிக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள். அந்தப் பேருந்துகள் பள்ளிகொண்டா வழியாகத்தான் போகின்றன.